எரியாத சிவப்பு

மார்ச் 3, திங்கள்

இன்றும் கஞ்சிதான். காலையில் கேப்பைக் கஞ்சி. மதியம் மிக்சியில் அடித்த ரசம் சோறு. அந்த ரசத்தில் மிளகு கிடையாது, புளி கிடையாது, வற்றல் கிடையாது. அப்புறம் அது என்ன ரசம்? வெந்நீர் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

டாக்டர் அதிகம் பேச வேண்டாம் என்றிருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினவள் நான். பேசக் கூடாது என்றால் எங்கே போய்த் திட்டுவது? அதற்குத்தான் இந்த டைரி. உடைந்த கடைவாய்ப்பல் உரசி உரசி நாக்கோரத்தில் வந்த புண். அதை வெட்டியெடுத்து, கழுத்தையும் கீறித் தைத்து, அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்து, டிசம்பரோடு வைத்தியம் முடிந்தது. புற்று போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "டீச்சர் போயிலை போடுவீங்களோ?" போடுவேன், உங்கள் தலையில் போடுவேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி சங்கரபாண்டியும் அவன் பெண்டாட்டி கஸ்தூரியும் வந்திருந்தார்கள். எங்கள் பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழா சித்திரை கடைசிச் செவ்வாய், மே 13. கிடாய் சொல்லியாகிவிட்டதாம். சொல்லிவிட்டுத் தம்பி தரையைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பிறந்த வீட்டில் ஒரு முறை உண்டு. கொடைக்குப் படையல் குழம்பை வீட்டில் பிறந்த மூத்த பெண்தான் வைக்க வேண்டும். வந்த மருமகள் வைக்கக் கூடாது. ருசி பார்க்காமல் வைக்க வேண்டும், சாமிக்கு முன்னால் யார் நாக்கிலும் படக் கூடாது. படைத்து முடித்ததும், குழம்பு வைத்தவள்தான் அந்த இலையில் முதல் வாய் எடுத்துத் தின்ன வேண்டும், அத்தனை பங்காளியும் பார்க்க. அவள் தின்றால்தான் மற்றவர்களுக்குச் சோறு. எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து நான்தான் வைக்கிறேன். பிறந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்த ஒரு சட்டிதான்.

"மதினி, வாய் இப்ப எப்பிடி இருக்கு? ருசி தெரியுதா?" என்றாள் கஸ்தூரி.

"நல்லாத் தெரியுது" என்றேன். இருமல் வந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

காஷ்மீர் மிளகாய்த்தூள் காரமே இருக்காது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணாத குறைதான். பருப்பில் ஒரு சிட்டிகை போட்டுச் சாப்பிட்டேன். நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொப்பளித்தேன். வெளியே வந்தால் இவர், என் வீட்டுக்காரர், வாசலில் நிற்கிறார். அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பருப்பை நாய்க்கு வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஹங்கேரியில் வேலை பார்க்கிற என் மகள் சுபா, லீவுக்கு ஊர் வந்த தோழியிடம் இரண்டு டின் கொடுத்துவிட்டிருக்கிறாள். சிவப்பு டின். பாப்ரிக்காவாம். அந்த ஊரில் எல்லாக் குழம்பிலும் இதைத்தான் போடுவார்களாம்.

வீடியோவில் கூப்பிட்டேன். "அதுவும் மிளகாதாம்மா. ஆனா காரம் இல்லாத மிளகா. நல்லாப் பழுக்க வச்சு, காயவச்சு, அரைப்பாங்க. சின்ன டின்ல இருக்கது விறகுப் புகையில காயவச்சது" என்றாள்.

"காரமில்லாத மிளகாய்க்கு எதுக்குட்டி மிளகான்னு பேரு?"

"தின்னு பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் அதை எப்பிடிப் போடணும்னா..."

"சமையல் எனக்குச் சொல்லித் தாரியா நீ? சுடுதண்ணி வைக்கத் தெரியுமா உனக்கு?" என்று போனை வைத்துவிட்டேன்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். காத்திருந்தேன். எரியவில்லை. இன்னொரு தடவை வைத்தேன். எரியவே இல்லை! இத்தனை சிவப்பாக ஒன்று என் வாய்க்குள் போய்ச் சும்மா இருக்கிறது. எனக்குச் சிரிப்பாக வந்தது. உடனே அஞ்சறைப் பெட்டியில் மிளகாய்த்தூள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து இதைக் கொட்டினேன்.

மார்ச் 19, புதன்

முட்டைக் குழம்பு வைத்தேன். பார்க்கக் கண்கொள்ளவில்லை. தட்டு நிறையச் சோறு போட்டுப் பிசைந்து தின்றேன். இவரும் என்னோடு உட்கார்ந்து தின்றார். எப்படி என்றேன். "நல்லாருக்கு" என்றார். இவர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார், பேர் ஆவுடையப்பன். அவரிடமிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். செம்பு செம்பாகத் தண்ணீர் மட்டும் குடித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

மானம் போயிற்று.

கஸ்தூரியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் கையில் இன்னும் சரக்கு இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டும், வேறொன்றுமில்லை. அதே முட்டைக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்ததும் பாப்ரிக்காவைப் போட்டு வறுத்தேன். மிளகாய்த்தூள் வறுபட்டால் நெடி ஏறித் தும்மல் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. இன்னும் வறுபடவில்லை போல என்று தும்மலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கறுத்தது. கறுத்தால் என்ன, கிராமத்து வறுவல் அப்படித்தான் இருக்கும் என்று இறக்கிவிட்டேன்.

நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன். கஸ்தூரி ஒரு வாய் வைத்தாள். முகம் போன போக்கு! எழுந்து ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

"என்ன மதினி இது, வேப்பங்கொட்டையா? இப்பிடிக் கசக்கு! நீங்க எப்பிடித் திங்கீங்க இத?"

நான் இன்னொரு வாய் எடுத்து வைத்தேன். "எங்க கசக்கு? உனக்கு வாய் சரியில்ல" என்றேன்.

அவள் என் தட்டைப் பார்த்தாள். பாதி காலி. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ மதினி" என்றாள். அந்த 'அய்யோ'வை நான் அவளுக்கு மன்னிக்கவே மாட்டேன்.

மார்ச் 24, திங்கள்

தம்பி மூன்று தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

சரி, எழுதித் தொலைக்கிறேன். ருசி இல்லை. நவம்பரில் கரண்ட் வைக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் போனது, திரும்பவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதுவும் கிடையாது. சூடு தெரியும், எரிச்சல் தெரியும், வழவழப்பு தெரியும். அவ்வளவுதான். சிலருக்கு மாசக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுசாக வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்பதைவிட நோட்டு அட்டையைத் தின்றுவிட்டு அருமை என்பேன்.

மார்ச் 30, ஞாயிறு

தம்பி நேரில் வந்துவிட்டான்.

"அக்கா, கோவப்படாம கேளு. இந்த வருசம் மட்டும் கஸ்தூரி வைக்கட்டும். உனக்கு ருசி தெரியல. தப்பில்ல அது."

"பேச்சிக்கு வைக்கிற குழம்பை எவடா ருசி பாத்து வச்சா? நான் பாத்தனா, எனக்கு முன்னால அத்தை பாத்தாளா? ருசி பாக்காம வைக்கிறதுதான முறை? அப்ப எனக்கு நாக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

மோவாயைத் தடவினான்.

"சரி, வச்சுப்புடுவ. மொத வாய் திங்கணுமே. அந்த மிளகாயை நீ வாயில வச்சா என்ன ஆகும்? அத்தனை பேர் முன்னால நீ துடிக்கத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"மிளகாய் போட மாட்டேன்."

"மிளகா இல்லாம பேச்சிக்கா? என்னக்கா பேசுத?"

"என் சட்டி. நான் என்ன போடணுமோ அதைப் போடுவேன். இந்த வருசம் மட்டும்னு சொல்லுவ, அடுத்த வருசமும் இந்த வருசம் மட்டும்னுதான் சொல்லுவ. எனக்குத் தெரியாதா?"

பேசினதில் வாய் ரணமாகிவிட்டது. ஆனாலும் நிம்மதியாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

கோயில் பூசாரிக்குப் போன் போட்டேன். படையல் குழம்புக்கு என்னென்ன முறை என்று கேட்டேன். "ஆட்டுக்கறி இருக்கணும், செக்கச்செவேல்னு இருக்கணும், யாரும் வாய் வச்சிருக்கக் கூடாது" என்றார். காரம் இருக்கணுமா என்றேன். "அது என்னத்துக்கு டீச்சர் என்ட்ட கேக்கீங்க, அதை ஆத்தாட்டதான் கேக்கணும்" என்றார். ஆத்தா வேண்டாம் என்று சொன்னால் எனக்கு நேரில் வந்து சொல்லட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்போதுதான் இந்தப் பொடியோடு ஒழுங்காக மோத ஆரம்பித்திருக்கிறேன். சுபாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கு நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "எண்ணெயை அடுப்புலருந்து இறக்கிட்டுப் போடணும்னு சொல்ல வந்தேன்மா" என்றாள். வைடி போனை என்றேன்.

அது நிஜம்தான். இந்தப் பழத்தில் சர்க்கரை அதிகம். கொதிக்கிற எண்ணெயில் கண்ணை மூடித் திறப்பதற்குள் தீய்ந்து கசந்துவிடும். நெடிக்குக் காத்திருக்கவே கூடாது. நெடி ஏற இதில் காரம் எங்கே இருக்கிறது? எண்ணெயைக் காயவைத்து, அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பொடியைப் போட்டு ஒரு கிண்டு. எண்ணெய் முழுக்கச் சிவப்பு இறங்கிவிடுகிறது. அதை அப்படியே குழம்பில் ஊற்றிவிட வேண்டும்.

மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். தீய்ந்தால் வேறு வாசனை, சரியாக இருந்தால் பழுத்த தக்காளியைச் சுட்ட மாதிரி ஒரு வாசனை. நாக்கு செய்த வேலையை இனி மூக்கு செய்யட்டும்.

அஞ்சறைப் பெட்டியில் கொட்டினது தப்பு. அடுப்புச் சூட்டில் நிறம் மங்கி, ஆவி பட்டுக் கட்டி தட்டிவிட்டது. டின்னில் மிச்சமிருந்ததை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். சின்ன டின்னில் இருந்த புகைப் பொடியை அவித்த முட்டை மேல் தூவி இவருக்குக் கொடுத்தேன். "விறகடுப்பு மாதிரி இருக்கு" என்றார். ஒரே சொல்லில் முடித்துவிடுகிற மனிதருக்கு அதுவே பெரிய பேச்சு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. எல்லோர் வீட்டிலும் பாயசம், எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. யார் கேட்பது?

சின்ன வெங்காயம், மல்லி, சீரகம், சோம்பு, தேங்காய். இஞ்சி ஒரு துளி. மிளகு, வற்றல் கிடையாது. கறியைக் குழைய வேகவிட்டு, கடைசியில் பாப்ரிக்கா எண்ணெய் ஊற்றினேன். மிளகாய்த்தூள் கணக்குக்குப் போட்டால் போதாது, இரண்டு பங்கு போட்டால்தான் நிறம் ஏறுகிறது.

இவர் ஒரு வாய் தின்றுவிட்டு, என்றைக்கும் இல்லாத திருநாளாக, "இனிக்கு" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அன்னைக்கு முட்டைக் குழம்பு வச்சேனே, அது எப்பிடி இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க."

"கசந்துச்சு."

"ஏன் சொல்லல?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மூணு மாசத்துக்கப்புறம் நீ தட்டு நெறையச் சாப்பிட்ட. அதான்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் துணி மடித்தேன். காயாத துணியையும் மடித்திருக்கிறேன், அப்புறம்தான் பார்த்தேன். திரும்பி வந்து சொன்னேன்: "இனிமே எனக்கு நல்லாருக்குங்கிற வார்த்தை வேண்டாம். என்ன இருக்கோ அதச் சொல்லணும். உங்க நாக்கை எனக்குக் கடன் கொடுக்கணும், கொடை வரைக்கும்."

"சரி" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாவது தடவை கறிக்குழம்பு. மல்லியைக் கூட்டிவிட்டேன், கூடவே நாட்டுத் தக்காளி கொஞ்சம். புளிப்பும் என் வாயைக் கடிக்கும் என்பதால் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். "இனிப்பு தெரியல. காரம் இல்ல. ஆனா கறிக்குழம்புதான்" என்றார். இதற்கு மேல் எனக்கென்ன வேண்டும்?

ஏப்ரல் 27, ஞாயிறு

கஸ்தூரி வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"நான் உங்க சட்டியப் பிடுங்க வரல மதினி. உங்க தம்பிதான் பயப்படுதாக. ஊர்க்காரங்க முன்னால உங்களுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா..."

"எனக்கு ஆக வேண்டியது எல்லாம் ஆயாச்சு. இனி என்ன ஆகணும்?"

"சொந்தக்காரங்க காரமில்லாத கறிய வாயில வைக்க மாட்டாங்களே."

"அதுக்கு நீ இருக்கியே. பெரிய அண்டாவுல நீ வை. மிளகாயைக் கொட்டு, கண்ணுல தண்ணி வர வை. படையல் சட்டி மட்டும் என்னோடது. அதுல மிளகாய் விழாது."

கஸ்தூரி ஃபிரிட்ஜைத் திறந்து டின்னை எடுத்து மோந்து பார்த்தாள். "வாசம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஒரு கிண்ணத்தில் மிச்சக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். துப்பவில்லை. "பச்ச மிளகாயக் கடிச்சுக்கிட்டா எறங்கிரும்" என்றாள். கொழுப்புதான் அவளுக்கு. ஆனாலும் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டுத்தான் போனாள்.

மே 4, ஞாயிறு

பயமாக இருக்கிறது. எரியுமோ என்று பயமில்லை, அது எரியாது. அத்தனை பேர் முன்னால் வாயில் வைத்து, அங்கேயும் ஒன்றுமே தெரியாமல் அட்டையைத் தின்கிற மாதிரித் தின்றுவிட்டு, ஆத்தா புண்ணியத்தில் அருமை என்று பொய் சொல்ல வேண்டும். பேச்சி முன்னால் பொய். அதற்குத்தான் பயம். போகிறது, சொல்வேன். அவள்தான் என் நாக்கை எடுத்தாள் என்றால் அவளே பொய்யையும் தாங்கிக்கொள்ளட்டும்.

மே 11, ஞாயிறு

கழுத்துத் தழும்பை மறைக்கச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மயில்கழுத்துப் பச்சையில் பட்டுச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். போர்த்த மாட்டேன்.

மே 14, புதன்

நேற்று மதியக் கொடை. வீடு வந்து படுத்ததுதான் தெரியும், இப்போது காபியோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோயில் வேப்பமரத்தடியில் வரிசையாக அடுப்பு. கஸ்தூரியின் அண்டா ஒரு பக்கம், என் மண்சட்டி ஒரு பக்கம். அவள் மிளகாய் தாளித்ததும் மரத்தடியே தும்மியது. எனக்கும் தொண்டை கமறியது, தள்ளிப் போய் நின்றுவிட்டு வந்தேன். கறி குழைந்ததும் கரண்டியில் எண்ணெயைக் காயவைத்து, இறக்கி, ஆறவிட்டு, பொடியைப் போட்டேன். சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன டீச்சர், கீழ எறக்கி வச்சுட்டுத் தாளிக்கீங்க?" "இது அப்பிடித்தான். வேணும்னா வேடிக்கை பாரு, வேண்டாட்டி மேளம் பாரு" என்றேன். சட்டியில் ஊற்றினதும் குழம்பு முகம் முழுக்கச் சிவந்தது. பூசாரி வந்து பார்த்தார். "செக்கச்செவேல்னு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்.

படைத்து, கொட்டு அடங்கி, என்னைக் கூப்பிட்டார்கள். இலை முன்னால் உட்கார்ந்தேன். தம்பி கையில் ஒரு சொம்பு மோரோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான், எரிந்தால் கொடுக்கவாம். எனக்குக் கோபமும் வந்தது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இவர் ஆண்கள் பக்கம், தூணோரமாக நின்றார்.

முதல் வாய். எரியவில்லை. பொய் தயாராக இருந்தது, வாயைத் திறந்தால் போதும். கூட்டம் பூராவும் என்னையே பார்க்கிறது. முறைப்படி ஒரு வாய் போதும், எழுந்துவிடலாம். எனக்கு எழுந்திருக்க மனசில்லை. ஒரு கறித்துண்டைப் பிய்த்துச் சோற்றோடு சேர்த்து இன்னொரு வாய் வைத்தேன். மெதுவாக மென்றேன். மெல்லுவதை நிறுத்தினேன். மறுபடி மென்றேன். நாக்கோரத்தில் லேசாகக் கரித்தது.

"எரியுதாக்கா?" தம்பி சொம்பை நீட்டினான்.

இல்லை என்று தலையாட்டினேன். விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "உப்பு கம்மி."

யாருக்கும் விளங்கவில்லை. படையல் சோற்றில் குறை சொல்கிறாளே என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். தம்பி குனிந்து, "அக்கா, சாமி எலையில உக்காந்துக்கிட்டு இப்பிடியெல்லாம் சொல்லக் கூடாது" என்று காதோரம் சொன்னான்.

கஸ்தூரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் எதிரில் மண்டியிட்டு, என் இலையிலிருந்தே ஒரு விரல் குழம்பு தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா மதினி. உப்பு பத்தல" என்றாள்.

தூணோரம் பார்த்தேன். இவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மனிதர் தோள் குலுங்கியது. நானும் அழுதேன், கழுத்துத் தழும்பு தெரிய, மூக்கு ஒழுக, அத்தனை பங்காளிக்கும் முன்னால். எனக்கு அதில் கொஞ்சம்கூட வெட்கமில்லை.

"குழம்பு வச்சது நானு. குறையையும் நானே சொல்லுவேன்" என்று தம்பியிடம் சொன்னேன். பிறகு, மைதானத்தில் கத்துகிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்: "குழம்புல உப்பு கம்மி! ஏட்டி கஸ்தூரி, கல்லுப்பு எடுத்துட்டு வா!"